கிணற்றடிச் சுவரில் நான் அடித்த பாசி

பெயிண்டர் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் சுரண்டுவதில்தான் கெட்டி. அடிக்கிற வேலைக்கு ஊரில் என்னை யாரும் நம்புவதில்லை. போன ஆடியில் களக்காட்டில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். முன்சுவரை மட்டும் காட்டிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? கிணற்றடிச் சுவரில் மெத்தை மாதிரிக் கிடந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சாக்கில் அள்ளி வாசலில் வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீரு! மாசியில காலேஜ் பிள்ளைகள் அதைப் பாக்கத்தான வருதாங்க!"

"பாசியைப் பாக்கவா பஸ் ஏறி வருதாங்க?"

"அதுக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. ஒரு துணுக்கு கிடந்தாலே முளைச்சிரும். நீரு அதையும் மிச்சம் வைக்கலியே!"

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் வாசலில் சாக்கு நிறையத் துணுக்கு இருப்பது தெரியுமே! பாசியை உதிர்த்து, ஒட்டிப் பிடிக்கட்டும் என்று மோரில் கரைத்து, சுண்ணாம்பு படாத புது நார்மட்டையால் சுவரில் பூசினேன். பக்கத்து வீட்டுக் கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏலே, சுவருக்குத் தாகமா? மோரு ஊத்துதியே!"

"ஆமா அண்ணாச்சி, தாளிக்கணும். கொஞ்சம் கடுகு தாரும்."

ஐப்பசி மழையில் பச்சை நூல் மாதிரிப் படர்ந்தது. பிறகு பொடி இலைகள். நான் குதித்தேன்.

"குதிக்காதீரும்," என்றார் டீச்சரம்மா. "காய் பிடிக்கணும், உள்ள விதைக்குப் பதிலா தூசி இருக்கிற காய். காய் இல்லாம பாடம் நடத்த முடியாது. பாசியிலயும் ஆணு பொண்ணு உண்டு. ஆணுல உள்ளது தண்ணியில நீந்தித்தான் பொண்ணுகிட்ட போகும். காஞ்சு கிடந்தா ஒண்ணும் நடக்காது."

நாற்பது வயதாகியும் எனக்கே ஒரு கல்யாணம் அமையவில்லை. பாசிக்குத் தரகு பார்த்தேன். மழை நின்றதும் காலையும் மாலையும் சைக்கிளில் போய்த் தண்ணீர் தெளித்தேன். தை கடைசியில் தீக்குச்சி மாதிரிக் காம்புகள் எழும்பின. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு காய். சுவர் முழுக்க!

மாசியில் பிள்ளைகள் வந்தார்கள். டீச்சரம்மா என்னை முன்னால் இழுத்து விட்டார்.

"இந்த அண்ணாச்சிதான் வளத்தாக. அவுகளே சொல்லுவாக."

காய்ந்த காய் ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் நசுக்கினேன்.

"இந்தத் தூசிதான் இதுக்குப் பிள்ளை குட்டி எல்லாம். காத்துல போயி, ஈரம் கண்ட இடத்துல முளைச்சிரும்," என்று ஊதினேன்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை!" என்றாள் ஒரு பெண். கைதட்டல் கிணற்றுக்குள் போய் எதிரொலித்தது.

அரைமணி நேரம் பேசினேன். டீச்சரம்மா பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.