இரண்டு முறை போட்ட சோடா உப்பு

தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் ஸ்கோன் சுடுகிற ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். லண்டனில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஓவன் வாங்கினார். ரிட்டையர் ஆனவர்கள் கோயில், வாக்கிங் என்று போவார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதாவும் வெண்ணெயுமாக அடுக்களைக்குள் நுழைந்துவிடுவார்.

ஸ்கோன் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், பன்னாகவும் ஆகாமல் பிஸ்கட்டாகவும் ஆகாமல் நடுவில் நின்றுபோனது என்பேன். அவருக்குக் கோபம் வரும். அதைச் செய்வதிலும் ஆயிரம் சட்டம் வைத்திருந்தார். வெண்ணெய் ஜில்லென்று கட்டியாக இருக்க வேண்டும். மோர் விட்டபிறகு மாவைப் பிசையவே கூடாது. பரோட்டாவுக்கு மாவை அடித்துத் துவைக்கிற ஊரில் பிறந்தவளிடம் பிசையாதே என்றால் கை சும்மா இருக்குமா? ஒரு தடவை அவர் குளிக்கப் போன நேரத்தில் நன்றாக அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடியும் வைத்துவிட்டேன். வெந்து வந்தது செருப்பு மாதிரி இருந்தது. அன்று முழுக்க மனிதர் என்னோடு பேசவில்லை.

சித்திரை வெயிலில் வெண்ணெய் உருகிவிடும் என்று, ஏசி ஓடும் படுக்கையறையில் கட்டில் மேல் பலகை போட்டு மாவைத் தட்டுவார். போர்வையெல்லாம் மைதா. நான் வாய் ஓயாமல் திட்டுவேன். சுட்டெடுத்ததைத் தின்றுகொண்டே குறையும் சொல்வேன். உப்பில்லை என்பேன், தொண்டையை அடைக்கிறது என்பேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அடுத்த வாரம் பார் என்று சிரிப்பார். எங்களுக்குள் கொஞ்சல் என்று இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவர் சரியில்லை. சமயநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பியவர், எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு வீடு எந்தப் பக்கம் என்று எனக்குப் போன் செய்தார். வெயில்தான் காரணம் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். பிறகு டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். மறதி நோயின் தொடக்கம், இனி கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர்.

இவருடைய அண்ணனுக்கும் இதே நோய்தான். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டார். அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். தனக்கு மட்டும் இது வந்துவிடக் கூடாது என்று என்னிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறார். அதனால் வீட்டுக்கு வந்ததும், சத்துக் குறைவுதானாம், மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, எங்கே தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் நடமாடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவு கலக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சோடா உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டார். மூடி வைத்தார். கையைக் கழுவினார். மறுபடியும் டப்பாவைத் திறந்து இன்னொரு கரண்டி போட்டார். வேறு நாளாக இருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பேன். சொன்னால், போட்டதை மறந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே. கை தவறியது போல் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மோரை ஊற்றிவிட்டார்.

ஓவனிலிருந்து வந்தவை கரும்பழுப்பாக இருந்தன. வழக்கம்போல முதலில் எனக்குத்தான் தட்டில் வைத்துக் கொடுத்தார். சோப்பைக் கடித்த மாதிரி கசந்தது. டீயைக் குடித்து விழுங்கினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் எடுத்துத் தின்றேன்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"சோடா உப்பு கூடிப்போச்சு. அது யாருக்கு வேணா கூடும்," என்றார் மெதுவாக. "நான் செஞ்சத ஒருநாளும் நல்லாருக்குன்னு சொல்லாதவ, இம்புட்டுக் கசப்ப ரெண்டு தின்னுட்டு நல்லாருக்குங்கிற. அதான் பயமாருக்கு. ரிப்போர்ட்ல என்ன போட்டிருந்துச்சு?"