நாற்காலியில் ஒரு கவுன்

“பல்லுக் கதையா? அதை விட்டுத் தள்ளுங்க, ஊரே படிச்சிருச்சு,” என்று சொல்லிக்கொண்டே வேன் டிரைவரின் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பிடுங்கி, ஒல்லியான இன்னொன்றைத் திணித்தார் பேயண்ணன். “இதைப் பாருங்க. அதே ஜப்பான்காரர்தான். சின்னச் சின்னக் கதை. ஒருத்தனும் சீண்டலை.”

பழைய பேப்பர் குடோனில் கட்டு போடும் மிஷினுக்குப் பக்கத்தில் அவருடைய இடம். கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக் காகிதத்தில் செய்தித்தாள், அட்டைப்பெட்டி, டெலிபோன் டைரக்டரி எல்லாம் கலந்து கிடக்கும். நடுவில் ஜப்பான் படக்கதை ஏதாவது கண்ணில் பட்டால், பேயண்ணன் அட்டையைப் பார்க்க மாட்டார். உள்ளே புரட்டி விரல்களைத் தேடுவார். பேய்க்கதை போடும் அந்த ஓவியர் நகக்கண்ணைக்கூட விடாமல் வரைகிறவர். பேய் வந்து நின்றாலும் அதன் நகத்தில் அழுக்கு இருக்கும். “பேரு படிக்கத் தெரியாது. நகம் தெரியும்,” என்பார்.

எந்தக் கதை பேர் வாங்கியது என்பதையும் அவருக்குக் காகிதமே சொல்லிவிடும். ஊரிலுள்ளவர்களின் பற்களெல்லாம் கழன்று தெருவில் நடந்துபோகும் அந்தப் பெரிய கதை, எச்சில் தொட்டுப் புரட்டிய கறையோடு, கந்தலாக, கட்டுக்கட்டாக வரும். சிறுகதைப் புத்தகங்கள் மட்டும் கடையிலிருந்து நேரே வந்ததுபோல விறைப்பாக இருக்கும். “பாவம், யாரும் தொடக்கூட இல்லை,” என்று அவற்றைத் தனியே எடுத்து வைப்பார்.

“ஏண்ணே, இதையெல்லாம் பாத்துட்டு வீட்டுக்குத் தனியாப் போவீங்களா, இல்ல தொணைக்கு ஆள் வேணுமா?” என்று எடை போடும் அம்மா ஒருநாள் சீண்டினாள்.

“பேய்க்கு என்னம்மா பயம்? அது பாட்டுக்கு வரும், போகும். மனுஷங்கதான் போனா வர்றதில்லை.”

அந்தம்மா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருடைய ஆறு வயது மகள் காய்ச்சலில் போனது குடோனில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் மனைவி பேசுவதையே விட்டுவிட்டாள். சமைப்பாள், துவைப்பாள், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான். ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்த ஒல்லிப் புத்தகம் ஒன்றை எடுத்து, நாம் எந்தப் புத்தகத்தையும் திறப்பதுபோல இடது பக்கத்திலிருந்து திறந்திருக்கிறாள். முதல் படத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு சின்னக் கவுன். புரட்டினால், கவுனுக்குள்ளிருந்து புகைபோல இரண்டு கைகள். அப்புறம் முகம். அப்புறம் கால்கள். கடைசியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தை, கன்னம் உப்பச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. குளித்துவிட்டு வந்த பேயண்ணனிடம் அவள் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். “வந்துட்டா, பாருங்க.”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

பேயண்ணனும் அதுவரை அந்தக் கதையை அப்படித்தான் பார்த்திருந்தார். மறுநாள் குடோனில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது. பக்கத்தின் கீழே இருந்த எண்கள் இறங்குவரிசையில் போயின. அப்போதுதான் உறைத்தது. அந்த நாட்டில் வலது பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். கதையில் குழந்தை வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. கவுன் மட்டும் மிஞ்சுகிறது.

கையிலிருந்த பிரதியைக் காகிதக் கட்டுக்குள் செருகினார். பிறகு வீட்டுப் பிரதியை ஏதோ சாக்குச் சொல்லி வாங்கி வந்து, வெட்டும் மிஷினில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவிவிட்டார். எண்கள் போயின. “எலி கடிச்சிருந்துச்சு,” என்றார். அவள் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து, பின்னாலிருந்து பார்த்தால் நல்லபடியாக முடிகிற கதைகளைத் தேட ஆரம்பித்தார். மழையில் கரைந்து போகும் புருஷன், திருப்பிப் பார்த்தால் குட்டையிலிருந்து எழுந்து மனைவியின் குடைக்குள் வந்து சேர்வான். சுவருக்குள் போன கிழவர் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொள்வார். பெரிய கதை இதற்கு உதவாது. பல்லெல்லாம் நடந்து வந்து வாயில் ஏறினால் யாருக்கு என்ன ஆறுதல்? சின்னக் கதைகளில் அந்த ஆள் பயமுறுத்த மறந்துபோய் வருத்தப்பட்டு வரைந்துவிட்டார், அதனால்தான் அவை எடுபடவில்லை என்பது பேயண்ணனின் கட்சி. மற்றவர்களிடம் கொடுக்கும்போது, “வலப்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க,” என்று சொல்லித்தான் கொடுப்பார். சாவு விழுந்த வீட்டுக்காரர்களிடம் மட்டும், “உங்க கைக்கு எப்படி வருதோ அப்படிப் புரட்டுங்க,” என்பார்.

வீட்டில் பேச்சு மெல்லத் திரும்பியது. “எப்படி அடைச்சுக்கிட்டுத் திங்குறா பாருங்க, யாரோ பிடுங்கிக்கிற மாதிரி,” என்று அவள் சொல்வாள். அவரும் ஆமாம் போடுவார்.

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மச்சான் லீவில் வந்தான். வந்தவன் அக்கா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, அவள் புரட்டிக்கொண்டிருந்த கவுன் கதையை எட்டிப் பார்த்தான்.

“அட, என்னக்கா, கடைசியிலேருந்து படிக்கிறே! ஜப்பான்காரங்க புத்தகத்தை அந்தப் பக்கமால்ல தொறக்கணும்?”

பேயண்ணன் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். “மாப்ளே, எந்திரி. வா, வெளியே போயிட்டு வரலாம்.”

“இருங்க மாமா, ஒரு நிமிஷம். கொடுக்கா இப்படி.” அவனே வாங்கிப் புரட்டினான். சாப்பிடும் குழந்தை. கால்கள் இல்லை. முகம் இல்லை. கைகள் இல்லை. கவுன். “பாத்தியா, இதான் கதை. பயமா இருக்குல்ல?” என்று சிரித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே வற்றியது. புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ம்.”

“எப்பலேருந்து?”

“மறுநாளே.”

அவள் அந்தக் கதையின் நடுப்பக்கத்தைத் திறந்தாள். அந்தப் படத்தில் குழந்தைக்குக் கால்கள் இல்லை. கைகள் மேஜை விளிம்பைப் பிடித்திருக்கின்றன. முகம் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்த இடத்தில் அது அப்படித்தான் இருக்கும். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தப் பக்கமும் புரட்டவில்லை, அந்தப் பக்கமும் புரட்டவில்லை.

பேயண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத் தாள் எழும்பி மூடிக்கொள்ளப் பார்த்தது. அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.