இரண்டு முகங்களில் ஒருவர்

காஜா பேராங் என்ற மலாய் ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த தணிகாசலம் ஒரே கண்ணாடி பிளேட்டில் ஒருவரை இரண்டு முறை பதிப்பார். சிரிப்பும் யோசனையும் ஒரே முகத்தில் சேர்ந்துவிடும். ஜப்பான்காரன் வந்தபின் பிளேட்டுகள் கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்.

1944-இல் பவளம் வந்தாள். அவள் கணவன் அய்யாவுவைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வருகிறவர்களிடம் காட்டி விசாரிக்க அவன் படம் வேண்டும். அவனோ படமே எடுத்துக்கொண்டதில்லை.

"கண்ணு அண்ணன் மாதிரி, வாய் தங்கச்சி மாதிரிங்கய்யா," என்று கணவனின் உடன்பிறப்புகள் இருவரையும் முன்னே நிறுத்தினாள்.

தணிகாசலம் லென்சின் முன் அட்டையைப் பிடித்துப் பாதியை மறைத்து, அண்ணனின் கண்களைப் பதித்தார். பிறகு அட்டையை மாற்றிப் பிடித்தார்.

"என் வாயை வச்சா படம் பேசிருமே," என்றாள் தங்கை.

"அசையாதம்மா, வேற பிளேட்டு இல்ல."

கழுவிய படத்தில் ஒட்டே தெரியவில்லை. "அவரேதாங்க!" என்று பவளம் அழுதாள். தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவரைப் பவளம் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையில் அந்தப் படம் இருந்தது.

"நல்லாத் தெரியும். எங்க கொட்டகையில இருந்தாரு. வாந்திபேதியில போயிட்டாரு," என்றார் அவர்.

பவளம் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, இது ரெண்டு பேரோட மூஞ்சின்னு இவருக்குச் சொல்லுங்க."

தணிகாசலம் தலையை ஆட்டினார். "ஆமாண்ணே. நான் ஒட்டவச்ச முகம். அப்படி ஒரு ஆளே கிடையாது."

வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தை அவளிடமே நீட்டினார்.

"அப்ப வேற ஆளா இருக்கும்மா."