இரண்டு பேர் கறந்த பசு

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங்கிலும் மணி. ஐந்து மணிக்குப் பால் வேண்டும் என்பான். வானத்தில் நட்சத்திரம் இருக்கும். என் பசுவுக்குத் தோக்கியோ தெரியாது. மடியைத் தொட்டால் உதைத்தது.

ஊரில் இருப்பவர்களும் இங்கே பிழைக்க வந்தவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு எழுத்து குறைவு. அப்போது எனக்கு இருந்தது ஒரு பசு, ஒரு கன்று. கொட்டகை ஒரு மலாக்கா செட்டிக்காரருடையது. முன்னோர் எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், பல தலைமுறையாக அவர்களுக்கு இதுதான் ஊர். கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய். ஜப்பான்காரனின் நகர ஆபீஸ் என் பசுவின் கழுத்தில் எண் போட்ட தகரத்தைக் கட்டியது. மாதாமாதம் வரி. அது போக ஆஸ்பத்திரிக்குப் பால். எவ்வளவு கறக்கும் என்று கேட்டார்கள். மூன்று போத்தல் என்றேன். உண்மையில் நாலு. சர்க்கார் ஆளிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் அப்பா கிஸ்தி கட்ட முடியாத வருஷம், தலையாரி வந்து எங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் நான் கப்பல் ஏறினேன்.

பிறகு சங்கத்து ஆள் வந்தார். இந்திய விடுதலைக்கு என்று இங்குள்ள இந்தியர்களிடம் வசூல் செய்த சங்கம் அது. வெள்ளை வேட்டி, நல்ல தமிழ். ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். "அருமையான பால். எவ்வளவு கறக்கும்ணே?" என்றார். நம்மவன் கேட்டால் பால்காரன் குறைத்துச் சொல்ல மாட்டான். குறைத்துச் சொன்னால் மடி வற்றிப்போகும் என்பார்கள். கூட்டித்தான் சொல்வோம். எட்டு போத்தல் என்றேன். அவர் பென்சிலை எடுத்தார்.

வெளிநாட்டில் சம்பாதிக்கிற இந்தியன் ஒவ்வொருவனும் தாய்நாட்டுக்குப் பங்கு கட்ட வேண்டுமாம். எனக்கு எட்டு போத்தலுக்குப் பங்கு.

"நகர ஆபீசுக்குக் கட்டுறேனே. அதக் கழிச்சுக்குங்க."

"அது இங்க இருக்கிறதுக்கு. இது அங்க பொறந்ததுக்கு. ரெண்டும் வேற."

"பொறந்ததுக்கு எத்தனை தடவை கட்டுறது? எங்கப்பா ஒரு மாட்டையே கட்டிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. நாலுதான் கறக்கும் என்று உண்மையைச் சொன்னேன். "நீங்களே சொன்ன கணக்குண்ணே" என்றார்.

வேலியருகே நின்ற செட்டிக்காரரையும் கணக்கில் எழுதப் பார்த்தார். "குவா சினி புன்யா ஓராங்" என்றார் செட்டிக்காரர். நான் இந்த ஊர் ஆள் என்று அர்த்தம். சங்கத்து ஆள் அவர் நெற்றியைக் காட்டி, "அப்ப இது எந்த ஊர்ச் சாம்பல்?" என்று தமிழில் கேட்டார். திருநீறு கேட்கிறார் என்று நினைத்த செட்டிக்காரர் உள்ளே போய்த் தட்டோடு வந்து நீட்டினார். சங்கத்து ஆளுக்கு வேறு வழியில்லை. பூசிக்கொண்டு போனார்.

"கையால நாலு, வாயால எட்டு" என்றாள் என் மனைவி. "நாளையிலேருந்து வாய்க்குக் கீழயும் ஒரு குவளை வெச்சிருங்க."

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு அப்போது காகிதத்துக்குச் சமம். சங்கம் பொருளாகக் கேட்டது. பொருள் இல்லை. சங்கத்து ஆட்கள் வந்து கன்றை அவிழ்த்தார்கள்.

"கன்னு இல்லாம அது பால் விடாதுங்க."

"பால்காரருக்குத் தெரியாத வித்தையாண்ணே" என்று அந்த வெள்ளை வேட்டிக்காரர் சொல்லி, பசுவின் கொம்பில் மூவர்ணத் துணி ஒன்றைக் கட்டினார். பங்கு கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாம்.

நாடு விடுதலை அடைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் மாட்டை ஓட்டியபோது அந்த நாட்டில் ஒருவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. நான் கப்பலில் வாந்தி எடுத்தபோதும் கேட்கவில்லை. என் பசு கறக்கிறது என்றதும் நாடு வந்து பங்கு கேட்டது. தலையாரி திருடன்தான், ஆனால் என்னை அண்ணன் என்று கூப்பிட்டுப் பிடுங்கவில்லை. ஜப்பான்காரனும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறாதது அந்த 'அண்ணே'தான்.

மறுநாள் தோக்கியோ ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் வாளியோடு வந்து நின்றான். மடி கல்லாக இருந்தது. தவிடு வைத்தேன். தடவிக் கொடுத்தேன். கன்று போன ரோட்டைப் பார்த்துப் பசு கத்தியது. கத்தும்போது கழுத்தில் தகரம் ஆடியது, கொம்பில் துணி ஆடியது. குவளையில் ஒரு சொட்டு விழவில்லை.