கஞ்சி வண்டியில் என் மகள்

2005 அக்டோபர் கடைசி. ரமலான் முடியச் சில நாள்களே இருந்தன. முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் காலையிலேயே மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் பேசி வைத்திருந்தோம். பெருநாள் கழித்துப் போவதாக இருந்தது. இனி காத்திருக்க முடியாது.

நோன்பைப் புது வீட்டில் திறக்கலாம் என்று என் மனைவி நசீமா ஆசைப்பட்டாள். எனக்கும் அது சரியென்று பட்டது. பிற்பகலில் அஸர் தொழுகையை முடித்துவிட்டுத்தான் சாமான்களோடு டெம்போவில் ஏறினோம். அதற்குள் சாலை மூழ்கியிருந்தது. பாதி வழியில் இன்ஜின் நின்றது.

"அவ்ளோதான் சார். உள்ள தண்ணி பூந்துட்ச்சு. இனிமே இது வண்டியில்ல, தொட்டி" என்றார் டிரைவர்.

எங்கள் மூன்று வயது மகள் அஃப்ராவுக்கு வீசிங் உண்டு. ஈரக்காற்றில் இழுப்பு ஆரம்பித்தது. நெபுலைசர் மெஷின் பீரோவுக்கும் மெத்தைகளுக்கும் அடியில் கிடந்தது. எடுத்தாலும் செருகுவதற்குக் கரண்ட் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தொடையளவுத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் விழுந்தேன். குழந்தையை நனைத்ததுதான் மிச்சம்; டெம்போவுக்கே திரும்பி வந்தேன். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. உதடு நீலமானது.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. அப்போது இறைவனிடம் கேட்கும் துஆ மறுக்கப்படாது என்பார்கள். அவளைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "யா அல்லாஹ், ரொம்பக் கஷ்டப்படுத்தாமல் எடுத்துக்கொள்" என்றுதான் கேட்டேன். நசீமாவின் காதில் அது விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளிவாசலுக்கு வர முடியாத வீடுகளுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோன இருவர், மூன்று சக்கர மீன்பாடி வண்டியைத் தள்ளியபடி எதிரே வந்தார்கள். வண்டி நிறைய ஒரே அண்டா.

"இன்னா பாய், புள்ள இப்பிடி கீது?" என்றார் முன்னால் வந்தவர். சலீம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பதிலுக்கு நிற்காமல் கூட வந்தவர் பக்கம் திரும்பினார். "கவுத்துடு மச்சான்."

"டேய், ஜனங்க நோன்பு தொறக்கணும்டா!"

"தண்ணியில தொறப்பாங்க. இன்னிக்கி தண்ணிக்கா பஞ்சம்?"

கஞ்சி ஆவியோடு வெள்ளத்தில் மஞ்சளாகப் பரவியது. காலி அண்டாவை டெம்போவில் ஏற்றிவிட்டு, மடியில் பிள்ளையோடு நசீமாவை வண்டியில் உட்காரவைத்தார்கள். டிரைவரும் இறங்கி எங்களோடு சேர்ந்து தள்ளினார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டபோது அவள் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. சலீம் படிக்கட்டில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த தண்ணீரால் நோன்பு திறந்தார்.

எங்கள் சாமான்கள் பெரும்பாலும் பாழாயின. புது வீட்டில் பாய் விரித்துத்தான் பெருநாள் கொண்டாடினோம். இப்போது ஒவ்வொரு ரமலானிலும் சலீமின் பள்ளிவாசலில் கஞ்சி கிண்ட நிற்கிறேன். வர முடியாத வீடுகளுக்கு நானே கொண்டுபோகிறேன்.

சகோதரர்களே, உறுதியோடு கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மனம் விட்டுப்போன நிலையிலும் கேளுங்கள். நான் கேட்டதை அவன் கொடுக்கவில்லை. கேட்கத் துணியாததைக் கொடுத்தான்.