ஷேக் ஃபந்தி குடித்த காபி

முதல் கோப்பையை ஊற்றிவிட்டு ஷேக் ஃபந்தி என்னைப் பார்க்கிறார். அதை நான்தான் குடிக்க வேண்டும். எங்கள் மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கோப்பை வீட்டுக்காரருடையது. அவர் குடித்துக் காட்டிய பிறகுதான் விருந்தாளிக்கு ஊற்றுவார். இவர் வீட்டில் மட்டும் சில மாதங்களாக அந்த வேலை பக்கத்து வீட்டுக்காரனான என் தலையில் விழுந்திருக்கிறது. "குடி வாத்தியாரே. உனக்கு எதுவும் ஆகாது, நீ பள்ளிக்கூடத்துக் காபியே குடிக்கிறவன்" என்பார். கொட்டையை வறுப்பது, இடிப்பது, ஏலக்காய் போடுவது எல்லாம் அவர்தான். குடிப்பதுதான் இல்லை.

தொப்பியைச் சுற்றி வெள்ளைத் துணி, தொளதொளவென்று கறுப்புக் கால்சட்டை, நெஞ்சு வரை தாடி. வியாழன் இரவுகளில் ஊருக்கு ஓதுகிறவர் அவர். அதற்குக் கூலி கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. கிளை வெட்டும் கத்தரிக்கோல் எப்போதும் இடுப்பில் தொங்கும், துக்க வீட்டுக்குப் போனாலும். காய்க்காத மரத்தடியில் நின்று, "இந்த வருஷமும் ஏமாத்துனே, அடுப்புக்குத்தான் போவே" என்று திட்டுவார். நானறிய ஒரு மரத்தையும் வெட்டியதில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. என் வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். என் மனைவி அரிசியும் கறியும் அடைத்துச் சமைத்த சுரைக்காயைக் கொடுத்தனுப்பினால் மூடி திறக்காமல் திரும்பி வரும். "உன் சம்பளம் அரசாங்கத்துக் காசு. அது யார்கிட்ட புடுங்குனதோ, யாருக்குத் தெரியும்" என்பார். எங்கள் கொல்லைத் தக்காளியை மட்டும் வாங்கிக்கொள்வார், அது மண் கொடுத்ததாம். சிப்பாய், வரி வசூலிப்பவன், காவலன் என்று யார் வீட்டிலும் அவர் வாய் நனைத்ததில்லை. எங்களில் ஓதுகிறவர்கள் பலரும் அப்படித்தான் என்றாலும் இவர் அதில் கொஞ்சம் அதிகம். எனக்குப் பலமுறை கோபம் வந்திருக்கிறது.

நாங்கள் சிறு கூட்டம். எங்களை முஸ்லிம்கள் என்பவர்களும் உண்டு, இல்லவே இல்லை என்பவர்களும் உண்டு. நாட்டில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் தலைநகரத்து அரசு கவிழ்ந்து, புதிதாக வந்தவர்களின் ஆட்கள் பக்கத்து ஊர்களில் எங்கள் ஆண்களின் மீசையைச் சிரைத்துவிட்டு அடித்தார்கள். அதே வாரம் மேலே மலை முகட்டில் அந்நிய ராணுவம் வந்து கொடி நட்டது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் காயும் துணிகூட அவர்களுக்குத் தெரியும். ஷேக் இரண்டு பக்கத்தோடும் பேச வேண்டும் என்றார். தலைநகரத்துக்கு ஆள் அனுப்பினார், பதில் வரவில்லை. மிச்சம் இருந்தது முகடுதான்.

ரொட்டிக் கடை ஹைதம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அவங்ககிட்ட என்ன பேச்சு ஷேக்? நாளைக்கு அவங்க மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் தலைநகரத்துக்காரனுங்க துரோகின்னு சொல்லி நம்ம கழுத்தைத்தான் அறுப்பானுங்க."

"பேசாம இருந்தா மட்டும் மாலை போடப் போறானுங்களா?" என்றார் ஷேக். "ஒருத்தன் மூஞ்சியைப் பாத்துப் பேசிட்டா, மறுநாள் சுடறதுக்கு முன்னாடி கொஞ்சமாச்சும் யோசிப்பான். அந்தக் கொஞ்சம் போதும் எனக்கு."

இதற்கிடையில், தப்பிய ஆட்டைத் தேடி முகட்டுப் பக்கம் போன நவ்வாஃபை அந்த ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஆடு மட்டும் மாலையில் தானாக வீடு வந்து சேர்ந்தது. நவ்வாஃபின் மனைவி நஜ்லா நிறைமாதமாக இருந்தாள். ஷேக் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு.

முகட்டில் இருந்த அதிகாரி இளவயதுக்காரன். எங்கள் மொழியை எங்களைப் போலவே பேசினான். மரியாதையாக நாற்காலி போட்டு, அவன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தான். ஷேக் கோப்பையை வாங்கினார். குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்களில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய வேண்டுதலோடு வந்தவன் கோப்பையைக் கீழே வைப்பான். வீட்டுக்காரன் "குடி" என்று சொன்னால் வேண்டுதலைக் கொடுத்துவிட்டான் என்று பொருள். அப்புறம் தலை போனாலும் வாக்கு மாறக் கூடாது. கொலைப் பகையும் பெண் கேட்பதும் இங்கே இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

"எங்க ஆட்டுக்காரன் நவ்வாஃப் உங்ககிட்ட இருக்கான். அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. அவனைக் கேட்டு வந்திருக்கேன்" என்றார் ஷேக்.

அதிகாரி கேட்டுக்கொண்டான். தலையாட்டினான். பிறகு சிரித்தபடி, "குடிங்க ஷேக், ஆறிடப்போகுது" என்றான்.

சிப்பாய் வீட்டில் வாய் நனைக்காதவர், அந்நியச் சிப்பாயின் காபியை ஒரே மடக்கில் குடித்தார். இறங்கி வரும்போது வண்டியில் சொன்னார்: "வாத்தியாரே, நான் குடிச்சது ஆட்டுக்காரனுக்காகத்தான். மேல இருக்கிறவன் கேட்டா நீதான் சாட்சி."

ஊர் வாசலில் கூடியிருந்தவர்களிடம் அவர் அதிகம் பேசவில்லை. "குடின்னான், குடிச்சேன்" என்றார், அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். ஹைதம்கூட வந்து அவர் கையை முத்தமிட்டான். நஜ்லா மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினாள்.

நவ்வாஃப் வரவில்லை. குழந்தை பிறந்தது, அப்போதும் வரவில்லை. மறுபடி முகட்டுக்குப் போனோம். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தான். புதியவன் வாசற்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினான்: "என்ன வாக்கு? எழுதிக் கொடுத்தாரா? காபிதானே கொடுத்தார்?" அன்றிலிருந்துதான் ஷேக் காபி குடிப்பதில்லை.

அதற்குப் பிறகு ஹைதம் ரொட்டி எடை போடும்போது சத்தமாகக் கேட்கிறான்: "ஷேக், ஒரு கோப்பைக்கு ஒரு ஆளைக் கொடுத்தீங்கன்னா, பெரிய கூஜாவுக்கு ஊரையே கொடுப்பீங்களா?" ஷேக் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். தோட்டத்துச் சுவரில் யாரோ கரியால் 'துரோகி' என்று எழுதினார்கள். அவர் அழிக்கவில்லை. அழிக்கப் போன என்னையும் தடுத்தார். இன்றும் வாரம் தவறாமல் முகட்டுக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நவ்வாஃபின் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்.

"அவன் தெரிஞ்சேதான் சொன்னான் ஷேக். நம்ம மொழியை அவ்வளவு படிச்சவனுக்கு இது தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாமத்தான் சொல்லியிருப்பான். தெரிஞ்சு சொல்லியிருந்தா, நான் இனிமே யார்கிட்ட போய்ப் பேசறது?"

எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நஜ்லா வந்தாள். தோளில் குழந்தை தூங்கியது. ஷேக்கின் மனைவி அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். வழக்கப்படி முதல் கோப்பையை நான் குடித்தேன். இரண்டாவதை ஷேக் அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குடிக்காமல், கோப்பையைத் தனக்கு முன்னால் பாயில் வைத்தாள்.

அவர் 'குடி' என்று சொல்ல வேண்டும். சொன்னால் நவ்வாஃபை மீட்டுத் தருவதாக வாக்கு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் ஆவி அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஷேக் கூஜாவை எடுத்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கோப்பை ஊற்றினார். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து, அதைக் குடிக்காமல், அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.