பெல்ட் மாற்றும்போது சாவி யாரிடம்?

“...அதெல்லாம் அப்பால பேசலாம், மொதல்ல வண்டிச் சாவிய என் கையில குடு நைனா” என்றார் மெக்கானிக் பஷீர் பாய். மீன் ஏற்றும் என் டீசல் வேனுக்கு, கொருக்குப்பேட்டை வீட்டு வாசலிலேயே டைமிங் பெல்ட் மாற்ற வந்திருந்தார். பெல்ட் மாற்றச் சாவி எதற்கு? அச்செடுத்துக் கள்ளச்சாவி போட்டுவிடுவாரோ? என் பிழைப்பே அந்த வண்டிதான். இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்து, வழியை மறித்து நின்ற வேனை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தது. பதற்றத்தில் ஏறி இடுப்பிலிருந்த சாவியைப் போட்டுத் திருகினேன். சத்தமே இல்லை. பாய் என்னமோ செய்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஓடி வந்தவர் கத்தினார்: “இன்னா வேல பண்ணிக்கினு கீற? பிஸ்டனும் வால்வும் ஒரே வூட்டு ஆளுங்க. ஒருத்தர் வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். அந்த நேரத்தச் சொல்றதே பெல்ட்டுதான். அது இல்லாம சுத்தியிருந்தா ரெண்டும் முட்டிக்கினு இன்ஜினே காலி! உன் மூஞ்சப் பாத்தே இன்னொரு சாவி கீதுன்னு தெரிஞ்சிதான் பேட்டரி ஒயரக் கழட்டிட்டுப் போனேன்.”

இப்போதெல்லாம் பெல்ட்டில் கை வைக்குமுன் இரண்டு சாவியையும் நானே கொடுத்துவிடுகிறேன். அன்று பாய் என்னைத் திட்டி முடித்ததும், கியரை நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு, லாரிக்கு வழிவிட வேனின் பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார்.